‘வரத்தான் செய்யும்’ என்னும் வாதம்

“பைப் போட்டா இன்பெக்சன் வரும்தானே தம்பி, மருந்து ஏத்தினாச் சரி.” இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாய்க் கிடந்த என் பெரியம்மாவின் கட்டிலருகே நான் நின்றபோது, அடுத்த கட்டில் நோயாளியின் மூத்த மகனும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியருமான ஒருவர் எனக்கு ஆறுதலாகச் சொன்ன வார்த்தை இது. அந்த வைத்தியசாலையின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஏனெனில் அவ்வார்த்தை அந்த ஒரு வாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதன்று. மூதூரிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் புல்மோட்டையிலும், சாப்பாட்டுப் பாத்திரமும் சுடுதண்ணிப் போத்தலுமாக நோயாளியைப் பார்க்க பஸ் ஏறுகின்ற எந்தக் குடும்பத்திலும், வைத்திய சாஸ்திரம் படித்தவரிற் சிலரிடத்திலுங்கூட, அது ஐயத்துக்கிடமில்லாத உண்மையாக வழங்கி வருகின்றது. நான் வைத்தியனல்லேன், ஆயினும் ஒரு கூற்று பலர் வாயில் இருக்கின்ற காரணத்தினாலேயே அது பரீட்சைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதை அறிவதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை.

அக்கொள்கையை அதற்குரிய நியாயங்களோடு முதலில் எடுத்துரைப்பது என் கடமை. சலப்பைக்குள் செலுத்தப்படும் குழாய், அதாவது கதீற்றர், உடலுக்கு அந்நியமான பொருள். அந்நியப் பொருள் தங்குமிடத்தில் கிருமி குடியேறுவது இயற்கை. நீண்ட நாள் குழாயோடு கிடந்தவர்களின் சலத்தைப் பரிசோதித்தால் ஏறத்தாழ எல்லாரிடத்திலும் கிருமி காணப்படுவது மெய். ஆகையால் தடுக்க முயல்வது வீண், மருந்தினால் அடக்குவதே விவேகம். குழாயைப் போடாமலே விடலாமே என்றால், அதற்கும் அவர்களிடம் மறுமொழியுண்டு: கட்டில்கள் நிறைந்து தரையிலும் பாய் விரிக்கப்பட்ட வாட்டிலே, இரவு முழுவதும் இரண்டொரு தாதியர் மாத்திரம் ஓடித்திரியும் நிலைமையிலே, முதியவர் ஒருவர் ஈரத்தில் ஊறி முதுகு புண்ணாவதிலும் குழாயோடு உலர்ந்து கிடப்பது மேலல்லவா? இவ்வாதம் இரக்கமற்றவர்களின் வாதமன்று. அதனாலேயே இதை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

1. வரத்தான் செய்யுமென்றால், எத்தனையாம் நாளில் வரும்? இந்த ஒரு கேள்வியை எதிர்க்கட்சியார் கேட்பதேயில்லை. கேட்டிருந்தால் அவர்களுடைய கட்டடம் முழுவதும் அஸ்திவாரத்தோடு சரிந்திருக்கும். குழாயோடிருக்கும் நோயாளிகள் நூறுபேரை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் அவர்களில் ஏறத்தாழ 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சலத்தில் கிருமி சேருகின்றது என்பது பல தேசங்களிற் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் கண்ட கணக்கு. ஒரு மாதமாகும்போது தப்பியவர் அநேகமாக எவருமில்லை. இக்கணக்கிலிருந்து அவர்கள் கடைசி வாக்கியத்தை மாத்திரம் பிய்த்தெடுத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தை மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு நாள் ஏறுகின்ற ஆபத்து என்றால், அந்த ஆபத்தின் காரணகர்த்தா காலம். காலத்தைக் குறைப்பது மனிதன் கையிலுள்ள காரியம். சத்திரசிகிச்சைக்காக ஒருநாள் வைத்த குழாயை மறுநாள் எடுத்துவிட்டவனுக்கும், மறதியினால் மூன்று வாரம் சுமந்தவனுக்கும் ஒரே விதி என்று சொல்வது எந்தத் தர்க்கத்தில் அடங்கும்?

சரித்திரமும் அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. பலூன் வைத்துத் தானாகவே உள்ளே தங்கும் குழாயை அமெரிக்கரான ஃபோலி என்னும் சத்திரவைத்தியர் 1930களிலே உருவாக்கினார். இன்று வாட்டில் நாம் காண்பது அவருடைய பெயரால் வழங்கும் அக்குழாயே. அக்காலத்தில் குழாயின் வெளிமுனை கட்டிலடியில் இருந்த திறந்த போத்தலுக்குள் விடப்பட்டது. நான்காம் நாளுக்குள் அநேகமாக எல்லாருக்கும் சலத்திற் கிருமி. அன்றும் ‘வரத்தான் செய்யும்’ என்றே பெரும்பாலார் சொல்லியிருப்பார்கள். ஆனால் லண்டனில் கத்பேர்ட் டியூக்ஸ் என்னும் நோய்க்கூற்று வல்லுநர், ஃபோலிக்கும் முன்னதாகவே, 1928இல், குழாயிலிருந்து கொள்கலம் வரைக்கும் காற்றும் கையும் புகாமல் மூடிவைக்கும் முறையை எடுத்துரைத்திருந்தார். 1966இல் அமெரிக்காவில் கியூனின், மக்கோர்மக் என்பவர்கள் அந்த மூடிய முறையின் பலனை நோயாளிகளிடத்தில் அளந்து காட்டினார்கள். நான்கு நாள் என்றிருந்த தவணை வாரக்கணக்கில் நீண்டது. புதிய ஔஷதம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு குழல்களைப் பொருத்திப் பிரிக்காமல் வைத்தார்கள், அவ்வளவே. அன்று நான்கு நாளும் இன்று நான்கு வாரமுமாகத் தவணை மாறுகின்ற ஒன்றை விதி என்று அழைப்பது விதிக்கே அவமரியாதை.

2. மருந்து முன்கூட்டியே போட்டுவிட்டால் என்ன? இக்கேள்வியைத் திருகோணமலைத் துறைமுகத்து ஜனங்களாகிய நாம் கேட்கவே கூடாது. ஏனெனில் அதற்குரிய விடை நம் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கின்றது. கிண்ணியாத் துறையிலோ கொட்டியாரக் குடாவின் கரையிலோ, கடலில் நெடுநாள் கிடந்த வள்ளமொன்றைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் அடிப்புறத்தின் கோலம் தெரியும். முதலில் கைக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படும் ஒரு மெல்லிய சவ்வு. பின்னர் அதன்மேற் பாசி. பின்னர் பாசியினூடே இரும்பு கொண்டு சுரண்டினாலன்றிக் கழலாத சிப்பிகள். நல்ல தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாலும் அது போவதில்லை. குழாயின் உள்ளும் புறமும் நடப்பது இதுவே. கிருமிகள் அங்கே தனித்தனியாக மிதந்து திரிவதில்லை. குழாயின் சுவரிலே ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைத் தாமே சுரந்து, அதனுள் குடியமர்கின்றன. இரத்தத்தின் வழியாக வருகின்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அப்படலத்தை எளிதில் ஊடுருவுவதில்லை. ஊடுருவினாலும், உள்ளே மந்தமாக வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியை அது முற்றாக அழிப்பதில்லை. புரோட்டியஸ் என்னும் ஒருவகைக் கிருமியோ இன்னும் ஒருபடி மேலே சென்று, சலத்தின் அமிலத்தன்மையை மாற்றி, அதிற் கரைந்துள்ள உப்புக்களைக் கல்லாகப் படியவைத்துக் குழாயையே அடைத்துவிடுகின்றது.

இதற்குள்ளே குழாயின் அமைப்பே கிருமிக்கு உதவி செய்கின்றது என்பதையும் நோக்க வேண்டும். ஆரோக்கியமான மனிதன் ஒவ்வொரு முறையும் சலம் கழிக்கும்போது அந்த வேகத்திலேயே வழி கழுவப்படுகின்றது. அதுவே இயற்கை நமக்குத் தந்த காவல். குழாய் அக்கழுவுதலை நிறுத்திவிடுகின்றது. பலூனுக்கு மேலேயுள்ள துவாரங்களின் வழியாகவே சலம் வடிவதனால், பலூனைச் சுற்றிச் சிறிதளவு சலம் எந்நேரமும் குளம்போலத் தேங்கி நிற்கின்றது. வெளியிலிருந்து கிருமி வருவதற்கோ இரண்டு பாதைகள்: குழாயின் புறச்சுவரோடு, நோயாளியின் சொந்தக் குடற்கிருமிகள் ஏறும் பாதை ஒன்று, தொங்கும் பையிலிருந்தும் பிரித்துப் பொருத்திய மூட்டிலிருந்தும் உட்சுவரோடு மேலேறும் பாதை மற்றொன்று. முன்கூட்டிப் போடும் மருந்து இவ்விரண்டில் எதையும் மூடுவதில்லை. அது செய்வதெல்லாம், எளிதில் இறக்கக்கூடிய கிருமிகளைக் கொன்று, இறக்காதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதே. சில நாள் பிந்தி வருகின்ற தொற்று, வரும்போது சாதாரண மருந்துகளுக்கு அசையாத தொற்றாக வருகின்றது.

‘அப்படியானால் குழாயிலேயே மருந்து பூசலாமே’ என்பார் சிலர். பூசிப் பார்த்திருக்கிறார்கள். கப்பலின் அடியில் பாசியும் புழுவும் பிடிக்காமலிருக்கப் பிரித்தானியக் கடற்படை பதினெட்டாம் நூற்றாண்டிலே செப்புத் தகடு அறையத் தொடங்கியது; அது பெரும் பலன் தந்தது. அதே யுக்தியாக வெள்ளிக்கலவை பூசிய குழாய்கள் சந்தைக்கு வந்தன. பிரித்தானியாவின் 24 வைத்தியசாலைகளில் 7,102 நோயாளிகளிடம் அவற்றைச் சாதாரணக் குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள்: சாதாரணக் குழாயில் தொற்று 12.6 சதவீதம், வெள்ளிக் குழாயில் 12.5. மருந்து ஊட்டிய மற்றொரு குழாயில் 10.6 வரை இறங்கியபோதிலும், அது வழக்கமாகப் பயன்படுத்தும் அளவுக்குப் போதிய பலனன்று என்றே அவர்கள் தீர்த்தார்கள். கப்பலுக்குச் சித்தித்தது மனித தேகத்துக்குச் சித்திக்கவில்லை.

3. சலம் கலங்கியிருக்கின்றது, நாற்றமடிக்கின்றது, ஆகையால் மருந்து கொடுங்கள்! இக்கூக்குரலை உறவினர் எழுப்பும்போது மறுத்து நிற்பதற்குத் தைரியம் வேண்டும். சலத்திற் கிருமி இருப்பது ஒன்று. கிருமியினால் நோய் உண்டாவது வேறொன்று. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி முதலிய குறிகள் இல்லாதவிடத்துப் பரிசோதனைத் தாளில் கிருமியின் பெயர் கண்டவுடன் மருந்து ஏற்றுவது, கர்ப்பிணிகள், சலவழியில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் ஆகியோர் நீங்கலாக, பெரும்பாலும் பிரயோஜனமற்றது. அதிலும் தொங்கும் பையிலிருந்து வடித்தெடுத்த சலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினால், பையின் சரித்திரம் தெரியுமேயன்றி நோயாளியின் நிலைமை தெரியாது.

4. சௌகரியம் என்கிறார்கள், யாருடைய சௌகரியம்? இங்கே நான் என்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியவன். பெரியம்மாவுக்குக் குழாய் இருந்த இரவுகளில் நான் நன்றாக நித்திரை செய்தேன். அவர் அரைமணிக்கொருதரம் கூப்பிடவில்லை, துணி மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் படுக்கையோடு கட்டப்பட்டிருந்தார். கை கால்களைக் கயிற்றாற் பிணித்திருந்தால் நான் கோபித்திருப்பேன். சலவழியிற் பிணித்தபோது நன்றி சொன்னேன். குழாயோடிருக்கும் முதியவர் எழுந்து நடக்க அஞ்சுகிறார். நடவாதவருக்குத் தசை வாடுகின்றது. மலச்சிக்கல், கால் நாளங்களில் இரத்தக்கட்டு, நெஞ்சிற் சளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புத்தி தடுமாறியவரோ ஊதிய பலூனோடு குழாயைப் பிடித்திழுத்து இரத்தம் வடிய நிற்கிறார். முதுகுப்புண்ணிலிருந்து காப்பாற்றுவதற்காகப் போட்ட குழாயே அவரைப் படுக்கையில் இருத்தி முதுகுப்புண்ணுக்கு வழிசெய்கின்ற விசித்திரத்தை எதிர்க்கட்சியார் கவனிக்கட்டும்.

குழாயே வேண்டாமென்று நான் வாதிப்பதாக எவரும் திரிக்க வேண்டாம். சலம் முற்றாக அடைத்துத் துடிப்பவனுக்கு, மணிக்கு மணி சலத்தை அளந்தே உயிரைக் கணிக்க வேண்டிய கடும் நோயாளிக்கு, சிலவகைச் சத்திரசிகிச்சைகளில், ஏற்கனவே பிட்டத்திற் புண் திறந்து அது ஈரத்தால் ஆறாதிருப்பவருக்கு, இறுதி நாட்களில் அசைவே வேதனையானவருக்கு அது வேண்டியதே. மற்றையோருக்குச் சலப்போத்தலும் பெட்பானும், ஆண்களுக்கு வெளியே அணியும் உறையும், நேரம் பார்த்து எழுப்பிவிடும் ஒரு கையும், ஒன்றும் இயலாதபோது பம்பசும் இருக்கின்றன. பம்பஸ் அழகான தீர்வன்று. ஆயினும் அது சலப்பைக்குள் கிருமிக்கு வழி திறப்பதில்லை.

5. ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுமா? 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு, மருந்துக்கும் கையுறைக்கும் வைத்தியசாலைகள் திண்டாடியதை நேரிற் கண்டவர்கள் இப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். போடாத குழாய்க்கு விலையில்லை. எடுத்த குழாய்க்குப் பையும் வேண்டியதில்லை. கையைக் கழுவுவது, பையை எந்நேரமும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழேயும் தரையில் தொடாமலும் தொங்கவிடுவது, மூட்டைப் பிரிக்காதிருப்பது, ஒரு நோயாளியின் சலத்தை வடித்த பாத்திரத்தோடு அடுத்த கட்டிலுக்குப் போகாதிருப்பது, குழாயைத் தொடையில் ஒட்டி இழுபடாமல் வைப்பது ஆகியவற்றில் எது இறக்குமதிச் சரக்கு? எக்ஸ்ரேக்குத் தள்ளிச் செல்லும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுகிறோமே, அப்போது பழைய சலம் பின்னோக்கி ஓடுகின்றது. அதை வைத்தவர் பெரும்பாலும் சிற்றூழியருமல்லர், தாதியுமல்லர், உதவி செய்வதாக எண்ணி ஓடிவந்த நம்மைப் போன்ற உறவினரே. இறக்குமதியாவது எதுவென்றால், இவற்றைச் செய்யாதுவிட்டபின், சாதாரண மருந்துகள் தோற்ற நிலையில், நாளுக்கு மூன்று முறை நரம்பில் ஏற்ற வேண்டிய விலையுயர்ந்த மருந்து.

அமெரிக்க அரசாங்கத்தின் முதியோர் வைத்தியக் காப்புறுதி, 2008 ஒக்டோபர் முதல், வைத்தியசாலையில் வைத்துக் குழாயினால் வந்த சலத்தொற்றுக்கு மேலதிகப் பணம் கொடுக்க மறுத்தது. தவிர்க்கக்கூடியதற்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்பது அதன் வாதம். பணக்கார நாடு கொடுக்க மறுத்த பணத்தை நாம் தாராளமாகக் கொடுத்துக்கொண்டு ஏழ்மையைக் காரணம் காட்டுகிறோம்.

6. ஆயுள் முழுவதும் குழாயோடிருக்க வேண்டியவர்களுக்கு என்ன சொல்வாய்? எதிர்க்கட்சியாரின் வாதங்களுள் என்னை மௌனமாக்கக்கூடியது இது ஒன்றே. திருகோணமலையில் இருந்துகொண்டு இதை லேசாகத் தள்ளிவிட எவராலும் இயலாது. உள்நாட்டு யுத்தத்தின்போது, 2009 பெப்ரவரி முதல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைக் கப்பலேற்றி இந்தத் துறைமுகத்துக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அந்த யுத்தத்தில் முள்ளந்தண்டில் குண்டுச்சிதறல் பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன இளைஞரும் பெண்களும் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். இவர்களுக்குச் சலம் தானாகப் பிரியாது. ஆனால் இவர்களுக்கும் ‘வரத்தான் செய்யும்’ என்பதுதானா தீர்ப்பு? முதலாவது உலக யுத்தத்தில் இவ்வாறு அடிபட்டவர்களிற் பெரும்பாலோர் சலத்தொற்றினாலும் படுக்கைப்புண்ணினாலும் மாண்டார்கள். அன்றைய வைத்தியருக்கும் அது விதியாகவே தோன்றியது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயத்துக்கென்றே தனிப்பிரிவு தொடங்கிய லுட்விக் குட்மன், குழாயை உள்ளேயே விட்டுவைக்காமல், நேரத்துக்கு நேரம் செலுத்தி வடித்து உடனே எடுத்துவிடும் முறையை வற்புறுத்தினார். 1972இல் ஜாக் லபிடஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இன்னும் துணிந்து, கிருமி நீக்கிய கையுறையும் மூடிய அறையுங்கூட அவசியமில்லை, சோப்பினால் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும், நோயாளி தானே தன் வீட்டில் செய்துகொள்ளலாம் என்றார். வள்ளத்தை எந்நேரமும் தண்ணீரில் விட்டுவைத்தாற்றானே பாசி பிடிக்கும்? நாளுக்கு நாலைந்து முறை இறக்கி உடனே கரையேற்றும் வள்ளத்தில் எங்கே பிடிக்கப்போகின்றது? எல்லாருக்கும் இம்முறை பொருந்துவதில்லை. கைகளும் செயலிழந்தவருக்குப் பிறர் துணை வேண்டும், சிலருக்கு அடிவயிற்றின் வழியாகக் குழாய் வைத்தலே வழி. ஆயினும் பொருந்துகின்றவருக்கு அதைக் கற்றுக்கொடாமல் ஒரு பையைக் காலிற் கட்டி துண்டு வெட்டி அனுப்பிவிடுவதை மன்னிக்க என்னால் இயலவில்லை.

7. எல்லாம் வைத்தியருக்குத் தெரியும், நாம் ஏன் தலையிட வேண்டும்? தெரியுமா என்பதே கேள்வி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், வாட்டிலுள்ள தத்தம் நோயாளிகளில் எவருக்குக் குழாய் இருக்கின்றது என்று வைத்தியர்களைக் கேட்டார்கள். குழாயிருந்த சந்தர்ப்பங்களில் 28 சதவீதத்தில் அது இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பதவி உயர உயர அறியாமையும் உயர்ந்தது: மாணவரிடத்தில் 21 சதவீதம், தலைமை வைத்தியரிடத்தில் 38. போர்வைக்குள் இருக்கும் பொருளைப் போர்வையை விலக்குகின்றவரே காண்பார். ஆகையினாலேயே, குழாய் வைக்கப்பட்ட காரணத்தை நாள்தோறும் விசாரித்து, காரணம் தீர்ந்த கணமே அதை எடுக்கும் அதிகாரத்தைத் தாதியருக்கு அளிக்கும் முறை எழுந்தது. அமெரிக்காவின் 603 வைத்தியசாலைகளில் இம்முறையையும் அதனோடு சேர்ந்த ஒழுங்குகளையும் நடைமுறைப்படுத்தியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாதாரண வாட்டுகளில் தொற்று 32 சதவீதம் குறைந்தது என்று 2016இல் அறிவித்தார்கள். நம் நாட்டு வைத்தியசாலைகளிலும் தொற்றுத் தடுப்புக்கென்று பயிற்றப்பட்ட தாதி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ‘எடுக்கலாம்’ என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் மேலே கேட்டுத்தான் பெற வேண்டுமென்ற சம்பிரதாயம் அவர்களுடைய கையைக் கட்டிவைத்திருக்கின்றது.

பெரியம்மாவின் குழாய் சத்திரசிகிச்சைக்காகப் போடப்பட்டது. அதற்கு மறுநாளே அதை எடுத்திருக்கலாம் என்பதை நான் பின்னரே படித்தறிந்தேன். ஏழாம் நாட்காலையில், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தாதி மாணவி படுக்கை விரிப்பை மாற்றும்போது, “இவவுக்கு இது இன்னும் ஏன் மிஸ்?” என்று மூத்த தாதியைக் கேட்டாள். மூத்த தாதி குறிப்பேட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். எழுதியிருந்த காரணம் ஒன்றுமில்லை. வைத்தியரிடம் கேட்டுவந்து, பலூனிலிருந்த தண்ணீரைச் சிறிஞ்சினால் உறிஞ்சி, குழாயை எடுத்துவிட்டார். அடுத்த கட்டில் ஆசிரியர், இரவில் நான் படப்போகும் பாட்டை எண்ணி என்மேல் இரங்கினார். பின்னேரம் நான்கு மணியளவில் பெரியம்மா கண்ணைத் திறந்து, ஒரு வாரமாக நான் கேளாத குரலில், “டேய், நித்திரையோ? பெட்பானைக் கொண்டு வா” என்றார்.